ஸ்காட்லாந்துக்கு ஒரு கோட்டு

ஈப்போ வெயிலில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஐஸ் கச்சாங் சாப்பிட்ட மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அதே மேசையில் உட்கார்ந்து அந்த அவமானத்தைத் தாங்கியவன் நான். துருவிய ஐஸின்மேல் கடைக்காரர் அவனுக்கு மட்டும் சிவப்புப் பாகு கூடுதலாக ஊற்றினார். எனக்கு ஊற்றவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நான் மறக்கவில்லை என்பதிலிருந்தே என் குணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி தோட்டத்திலும் பேருந்திலும் பல்கலைக்கழக விடுதியிலும் அவன் ‘கோட்டு’தான்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம், எழுபதுகளின் தொடக்கத்தில் கைமாறியது. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை பங்களா சாமான்களை ஏலம் விட்டார். என் அப்பா ஒரு நாற்காலி எடுத்தார். தோட்டத்துக் கணக்கர் கிராணியார் ரேடியோவை எடுத்தார். ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்த இவனோ, அலாரம் கடிகாரம் எடுக்கச் சொல்லி அம்மா கொடுத்த பணத்தில் துரையின் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். துரை ஆறடிக்கு மேல். இவன் ஐந்தடி மூன்று அங்குலம். தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அவனைக் கண்டதும் அம்மா விளக்குமாற்றைத் தூக்கினார்.

“என்னாத்துக்குடா இது?”

“வெளிநாட்டுக்குப் படிக்கப் போறப்ப வேணும்மா.”

“உன்னைய யாருடா அனுப்பப் போறா?”

“அது இன்னும் தெரியலம்மா. கோட்டு கெடச்சிருச்சு. இனி அனுப்புற ஆளுதான் கெடைக்கணும்.”

அந்த ஆளைத் தேடித்தான் அடுத்த ஆறேழு வருடம் அலைந்தான். நாங்கள் இருவரும் கோலாலம்பூரில் ஒரே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தோம். என் மதிப்பெண் அவனைவிட எப்போதும் அதிகம். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் உதவித்தொகை கேட்டு இரண்டே இரண்டு கடிதம், தட்டச்சு செய்து, முறைப்படி அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இவன் கோணல்மாணலான கையெழுத்தில் உலகத்துக்கே எழுதினான். தூதரகங்களுக்கு எழுதினான். பிஸ்கட் டின்னின் அடியில் இருந்த முகவரிக்கு எழுதினான். ஐரோப்பாவில் இருந்த ஒரு டயர் கம்பெனிக்குக்கூட எழுதினான்.

“டயர் கம்பெனிகிட்ட போயி படிப்புக்குக் காசு கேப்பியாடா? அறிவிருக்கா?” என்று கேட்டேன்.

“எங்கம்மா வெட்டுன பால்லதான லா அவன் டயரு செய்றான்? கேட்டா என்னா?”

டயர் கம்பெனி பணம் அனுப்பவில்லை. ஆனால் பதில் எழுதியது! கூடவே பனிமலைப் படம் போட்ட பெரிய காலண்டர். பிஸ்கட் கம்பெனியிலிருந்தும் ஒன்று வந்தது. அவன் வீட்டுச் சுவர் முழுக்கப் பனிமலையாகி, வந்து பார்த்தவர்கள் ஊரெல்லாம் பேசும் அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு ஒரு காலண்டர்கூட வரவில்லை. வயிறு எரிந்தது.

காசு வருமுன்பே குளிருக்குப் பழக ஆரம்பித்தான். விடுமுறைக்கு வந்தால் நண்பகலில் கோட்டோடு மைதானத்தை மூன்று சுற்று சுற்றுவான். ஈப்போவில் ஒரு ஐஸ் தொழிற்சாலையின் சீன முதலாளித் தவுக்கேயைப் பிடித்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தினமும் அரைமணி நேரம் உட்கார அனுமதி வாங்கினான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், தவுக்கே அவனுக்கு ஸ்டூல் போட்டு, சூடாகச் சீனத் தேநீர் கொடுத்து, தன் மகளுக்கு எந்தப் படிப்பு நல்லது என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் அதிகம் வாங்கிய நான் வாசலில் நின்றேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

கடைசி வருடம் வந்தது அந்த அறிவிப்பு. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று, ஸ்காட்லாந்தில் இரண்டு வருடம் மண்ணையும் பயிரையும் பற்றிப் படிக்கப் எங்கள் பேராக் மாநிலத்திலிருந்து ஒரே ஒருவரை அனுப்பும். பயணம், படிப்பு, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. எங்கள் இருவருக்கும் நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. கிடைக்காவிட்டால் எனக்குப் பாகான் டத்தோவில் தற்காலிக வாத்தியார் வேலை காத்திருந்தது. கடலோரம், தென்னை, கொசு. என் அப்பாவோ அதற்குள் மகன் சீமைக்குப் போகிறான் என்று தோட்டம் பூராவும் சொல்லி முடித்திருந்தார்.

கடிதத்தில் ‘முறையான உடையில் வரவும்’ என்று இருந்தது. கிராணியாரிடம் விளக்கம் கேட்டோம். “முறையான உடைனா கோட்டுதான் தம்பி. கோட்டு இல்லாதவன வெள்ளைக்காரன் வாசல்லயே நிப்பாட்டிருவான்” என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது எந்தக் கோட்டு, அது எவ்வளவு நீளம் என்று கேட்க வேண்டும் என எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முழுத் தோட்டத்துக்கும் இருந்தது ஒரே கோட்டு.

வெட்கத்தை விட்டு அவனிடம் போனேன். வாயைத் திறக்கும் முன்பே, “உனக்குப் பதினோரு மணி, எனக்குப் பதினொன்றரை. நீ மொத போட்டுட்டு வா மச்சான், அப்பறம் நான் போட்டுக்குறேன்” என்றான். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். அந்த நினைப்பே அவன்மேல் கோபத்தைக் கூட்டியது.

மறுநாள் ஈப்போவில், நேர்முகம் நடந்த மண்டபத்தின் தாழ்வாரத்தில் கோட்டை எனக்கு மாட்டிவிட்டான். எனக்கு உயரம் உண்டு. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கோட்டின் பாச்சை உருண்டை வாசம் தாங்காமல், நடுவில் இருந்தவர் நான்கு முறை தும்மினார். கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன், ஆனால் வேர்வை மூக்கு நுனியிலிருந்து மேசைமேல் சொட்டியது. முடிந்ததும் அங்கிருந்த குமாஸ்தா, “வெளிய போற வழி இந்தப் பக்கம்” என்று பின்வாசலைக் காட்டினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பின்வாசலை நான் தேடவில்லை. அது தானாகத்தான் வந்தது. வெளியே இறங்கி வலது பக்கம் திரும்பினால் தாழ்வாரம், அங்கே கோட்டு காத்திருக்கிறான். இடது பக்கம் திரும்பினால் சாலை. கோட்டு இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று கிராணியார் சொன்னது காதில் ஓடியது. ஜன்னல்களின் ஓரமாக, தலையை நிமிர்த்தி, துரை மாதிரி இடது பக்கம் நடந்தேன்.

சாலை முனைக் கடையில் உட்கார்ந்து கோப்பி சொன்னேன். கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டால் தைலப் புட்டி வந்தது, தபால் தலை வந்தது, ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். அவனுடைய நேர்முகத் தேர்வுக் கடிதம்! ‘இதைக் கொண்டுவராதவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்’ என்று அடியில் கோடு போட்டு அச்சடித்திருந்தது.

கோட்டைத் திருடியது ஒரு மாதிரி. ஆளையே திருடிவிட்டேனே, அடப்பாவி! ஏழு வருடம் ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்தவன். கோப்பி வரும் முன்பே எழுந்து ஓடினேன். நண்பகல் வெயிலில் கம்பளிக் கோட்டோடு ஓடுகிற என்னைப் பார்த்து ஒரு டாக்சிக்காரர் காரையே நிறுத்திவிட்டார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். கோட்டு வெறும் சட்டையோடு சிரித்துக்கொண்டு படியிறங்கி வந்தான்.

“என்னா மச்சான், நீயும் குளிருக்குப் பழகுறியா லா?”

எனக்கு மூச்சு வாங்கியது. “கடுதாசி... உள்ள விட்டாங்களா?”

“விட்டாங்க. வாசல்ல இருந்த குமாஸ்தா காலையிலேயே நமக்குப் பழக்கம். ஆனா உள்ள இருந்த பெரியவரு கேட்டுட்டாரு. ‘பாரத்துல ஒட்டுன படத்துல நீ போட்டிருக்குற கோட்ட, முந்தி வந்தவரு போட்டிருந்தாரே?’னு. ஆமா சார், தோட்டத்துக்கே ஒரு கோட்டுதான், என் கடுதாசியும் அதுக்குள்ளதான் இருக்குன்னேன். ‘அப்ப யார அனுப்புறது?’னு கேட்டாரு. யாரு போனாலும் கோட்டு போயிரும் சார்னு சொன்னேன். அஞ்சு நிமிசம் சிரிச்சாங்க லா!”

ஒரு மாதத்தில் தோட்டத்து ஆபீசுக்கு இரண்டு கடிதம் வந்தது. அவனுடையது தடித்த உறை. என்னுடையது ஒற்றைத் தாள். நான் கோட்டைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் அவனுக்கு ஸ்காட்லாந்து கிடைத்தது. இப்படி ஒரு வயிற்றெரிச்சலை நான் எந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல?

அவன் கிளம்பிய நாள், ஈப்போ ரயில் நிலையத்தில் தோட்டமே நின்றது. தவுக்கேகூட மகளோடு வந்திருந்தார். மாலைகளுக்கு நடுவே அவனைத் தேடிப் பிடித்து, தேய்த்து மடித்து வைத்திருந்த கோட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நீயே வச்சுக்க மச்சான்.”

“டேய், அங்க குளிருக்கு என்னாடா பண்ணுவ?”

“அங்க கோட்டு விக்கிறவன் இருப்பான் லா. சுங்கை சிப்புட்லதான் இல்ல. அடுத்த தடவ நீ வரப்ப வேணும்ல?” குரலைத் தாழ்த்தினான். “அன்னைக்கு நீ பின்பக்கமா போனத தாழ்வாரத்துல இருந்தே ஜன்னல் வழியா பார்த்தேன்.”

“ஏன்டா கூப்பிடல?”

“கூப்பிடலாம்னுதான் எந்திரிச்சேன். கோட்டு உனக்கு அம்புட்டு பொருத்தமா இருந்துச்சு. எனக்கே பொறாமையாப் போச்சு லா, மச்சான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு ரயில் ஏறிவிட்டான்.

அடுத்த இரண்டு வருடமும் விண்ணப்பித்தேன். கிடைக்கவில்லை. பாகான் டத்தோவின் கொசுக்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழகிப்போனேன். அவன் அங்கேயே ஆராய்ச்சி வேலையில் சேர்ந்துவிட்டான். எண்பதுகளில் ஒரு படம் அனுப்பினான். பனியில், அளவான புதுக்கோட்டில் நிற்கிறான். கொஞ்சம்கூட நன்றாக இல்லை, பொறாமையில் சொல்லவில்லை.

துரையின் கோட்டு என் அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை வெயிலில் காயப்போடுகிறேன். தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் கம்பளிக் கோட்டு தொங்குவதைப் பார்த்து, “இது யாருக்குங்க?” என்று என் மனைவி கேட்கிறாள். பூச்சி அரித்துவிடும் என்று மட்டும் சொல்லிவைப்பேன். அவன் ஒருநாள் வருவான், வந்தால் போட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டான்.