பைப்படி அரசியல் சட்டம்

இன்னும் ஒரே ஒரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று அச்சக மனேஜர் சொல்லிவிட்டார். இஸ்ஸதீன் பிந்துவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பைப். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் குடியிருந்த, தோட்டம் என்று சொல்லப்படும் வரிசைக் குடியிருப்பில் பதினொரு வீடுகளுக்கும் பின்பக்கம் ஒரே பைப். காலை ஐந்திலிருந்து ஆறு வரைதான் தண்ணீர். அந்த ஒரு மணி நேரமும் சண்டைக்கே சரியாகப் போனது. குளிக்காமல் வேலைக்குப் போகும் வழக்கமோ அவர் பரம்பரையிலேயே கிடையாது.

அது நாற்பத்தேழாம் ஆண்டு. சுதந்திரம் பெறப்போகும் நாட்டின் முதல் அரசியல் சட்டத்தின் நிறைகுறைகளைச் சொல்லும் புத்தகம் ஒன்றுக்கு, அச்சகத்தில் அவர் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டை ஆளக் காகிதம் போதுமென்றால் பைப்பை ஆளப் போதாதா?

அன்றே பைப்புக்கும் ஒரு சட்டம் எழுதினார். தண்ணீர் பிடிக்கும் வரிசையைப் பதினொரு வீட்டாரும் சேர்ந்த சபை கூடித் தீர்மானிக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாக்கு. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் காலை ஐந்து மணி என்பதால், சபை ஐந்து மணிக்கே அவர் வீட்டு முன்விறாந்தையில் கூடும்.

முதல் நாளே தோட்டத்து வீடொன்றில் இருந்த பேர்ணடெற் ரீச்சர் எழுந்தார்.

"கடைசியா நிக்கிற வீட்டுக்கு என்ன பாதுகாப்பு, மிஸ்டர் இஸ்ஸதீன்?"

நியாயமான கேள்வி. எந்த வீட்டுக்கும் பாதகமான வரிசை செல்லாது என்று சேர்த்துக்கொண்டார். அதன்பின் எந்த வரிசை போட்டாலும் கடைசி வீட்டுக்காரர் எழுந்து அந்தச் சட்டத்தைக் காட்டினார்.

"அப்ப பதினொரு வீடும் முதலாவதா நிக்கிறதா?" என்று பக்கத்து வீட்டு மஜீட் நாநா கத்தினார்.

தீர்த்துவைக்க ஐந்து பெரியவர்களைக் கொண்டு மேற்சபை அமைத்தார். மேற்சபை முதலில் நாற்காலி கேட்டது, பிறகு தேத்தண்ணி கேட்டது. சட்டத்தைத் திருத்துவோம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஒத்துக்கொள்ள வேண்டும். பதினொன்றில் மூன்றில் இரண்டு ஏழே காலா, ஏழரையா என்று இரண்டு நாள் வாதம் நடந்தது.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குச் சபை கலைந்து கொல்லைக்குப் போனால், பீப்பாய் நிறையத் தண்ணீர். குளித்து, ட்ராம் பிடித்து, பத்து நாளும் நேரத்துக்கு வேலைக்குப் போனார். மனேஜர் ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தார்.

"பாத்தியா ஷபீகா, சட்டத்தின்ட பெலனை?"

"ஓம், ஓம். குளிக்கத் துவாயை எடுத்துட்டுப் போங்க, நேரமாகுது" என்றாள் மனைவி.

பதினோராம் நாள் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ப்ரூஃபுக்கு வந்தது. சிலரைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவதுதான் எந்தச் சட்டத்துக்கும் பெரிய குறை என்றிருந்தது. இஸ்ஸதீனுக்குச் சுருக்கென்றது. பைப்படிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் இருந்த சீனியம்மா, தோட்டம் கூட்டுகிறவள். அவளை யாருமே எண்ணவில்லை! வெட்கமாக இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை அவளைப் பன்னிரண்டாவது வீடாக்கி, மேற்சபைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பன்னிரண்டில் மூன்றில் இரண்டு கச்சிதமாக எட்டு! எல்லோரும் கைதட்டினார்கள். அன்றுதான் முதன்முதலாக வரிசை ஏகமனதாக நிறைவேறியது. ஆறு மணிக்கு மனம் குளிர்ந்து கொல்லைக்குப் போனார்.

பீப்பாய் காலி.

"ஷபீகா! தண்ணி புடிக்கல்லையா?"

"நானா? நீங்கதானே ஒவ்வொரு நாளும் ஆள் வெச்சிப் புடிக்கிற எண்டு நான் நெனச்சன்!"

மற்றப் பத்து வீடுகளிலும் இதே கூச்சல்தான். பைப்போ நின்றுவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனதுதான் என்று அவர் தலையில் கைவைத்தபோது, சீனியம்மா ஒரு வாளியோடு வந்தாள்.

"இது நேத்து எனக்குப் புடிச்சதுங்கய்யா. ஒருத்தரு குளிக்கப் போதும். நீங்க வெரசா வேலைக்குப் போங்க."

இஸ்ஸதீன் வாளியை வாங்கிக்கொண்டே கேட்டார்: "எல்லா வீட்டுப் பீப்பாயும் இண்டைக்கு மட்டும் ஏன் காலி, சீனியம்மா?"

"இம்புட்டு நாளா நீங்கள்லாம் கூட்டம் போடுற நேரத்துல, நாந்தாங்கய்யா எல்லா வீட்டுக்கும் புடிச்சி ஊத்திக்கிட்டிருந்தேன். இன்னிக்கு என்னையவும் நாற்காலியில ஒக்கார வச்சிட்டீங்களே!"