ஜானவாசக் காருக்கு எந்த எஞ்சின்?

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, 1998

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த பெரியப்பாவுக்கு, நிரஞ்சன் காருக்கு அடியில் படுத்த நிலையிலேயே சாஷ்டாங்க நமஸ்காரம். இங்கே அம்மா, அப்பா க்ஷேமம். கார் மட்டும் இன்னும் இல்லை. டெல்லியில் நீங்கள், பெரியம்மா, கல்யாணப் பெண் வர்ஷினி அக்கா எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீங்கள் இதைப் படித்து முடிக்கும் வரைக்கும்.

உங்கள் பழைய ஹெரால்டு கார் விஷயம். "ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை அதுல ஊர்வலமா வந்து மண்டப வாசல்ல இறங்கினா வண்டி உனக்குடா, இல்லேன்னா வைரவனுக்கு" என்று போனில் சொன்னீர்கள். அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த வைரவன் கோடம்பாக்கத்தில் சண்டைக் காட்சிக்குக் கொளுத்துவதற்கென்றே பழைய கார் வாங்குகிறவர். தினமும் காலையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்று பானெட்டைத் தட்டிப் பார்த்து, "தம்பி, நல்லா காஞ்சிருக்கு, ஒரு தீக்குச்சி போதும்" என்கிறார். பெரியப்பா, மேல்கூரை மடக்குகிற ஹெரால்டு! அதைப் போய்!

பழைய எஞ்சின் வெடித்துப் போயிருந்தது, ஒட்ட வழியில்லை. சரி, எந்த எஞ்சின் வைப்பது என்று தி.நகர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து உலகத்தையே கேட்டேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர், ஹெரால்டுக்கு ஹெரால்டு எஞ்சின்தான், வேறு எதை வைத்தாலும் நீ கார்க்காரனே இல்லை என்று எழுதினார். தேனாம்பேட்டை மெக்கானிக் அக்பர் பாஷா பாயோ, "இன்னா நைனா, வெள்ளக்காரனா வந்து வண்டி தள்ளப் போறான்? என்கைல வேன் டீசல் எஞ்சின் ஒண்ணு சும்மா கீது. அத்த வுடு, மலையே ஏறும்" என்றார். மயிலாப்பூரில் எந்த மலை பாய் என்றதற்குக் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. சின்ன வண்டியில் பெரிய பெட்ரோல் எஞ்சின்! அதுதான் என் முடிவு. வைத்தோம். பாலவாக்கம் வரை போனோம் பாருங்கள், காற்றில் பாய் தொப்பி பறந்து கடல் பக்கம் போயிடுத்து. அவரும் டீசலை மறந்து "அட்ரா நைனா!" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏண்டா, ஜானவாசத்துல நாயனக்காரர் முன்னாடி வாசிச்சுண்டு நடந்து போவார். கார் அவர் பின்னாடின்னா போகணும்? அவரைத் தாண்டிண்டு மாப்பிள்ளையை பாலவாக்கத்துல கொண்டு விடப் போறியா?"

பெரியப்பா, இத்தனை பேரில் ஒருத்தர்கூட இதை யோசிக்கவில்லையே! உடனே மாட வீதியில் ஒத்திகை பார்த்தோம். பாஷா பாய் சைலன்சர் குழாயை நாயனம் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். முதல் கியரிலேயே வண்டி அவர் முழங்காலை முட்டியது. "யோவ், மாப்ளைக்கு முந்தி என்னிய மேல அனுப்பிடுவ போல கீதே!" கிளட்சைப் பாதி மிதித்தபடியே உருட்டினேன். அரை வீதிகூடத் தாண்டவில்லை, கிளட்ச் தீய்ந்த நாற்றம், ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்துக் குபுகுபுவென்று ஆவி. எதிரே பூக்காரி, "சாமி வருதா கார் வருதா, ஒண்ணுமே தெரியலியே" என்றாள். புகையைப் பார்த்த வைரவன், "எனக்கு வேலை மிச்சம் தம்பி, சனிக்கிழமை கயிறோட வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால் தீர்மானமாக எழுதுகிறேன். இங்கிலாந்துக்காரர் சொன்னதுதான் சரி. அடையாறில் ஒருவர் தோட்டத்தில் ஹெரால்டு எஞ்சின் கிடக்கிறதாம். சின்ன எஞ்சின், சின்னச் சூடு, அது நிச்சயம் நடை வேகத்தில் போகும். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜானவாசத்துக்குள் மாற்றிவிடுகிறேன். கடிதம் கண்டதும் வைரவனுக்கு போன் செய்து, கயிறு வேண்டாம் என்று சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வர்ஷினி அக்காவுக்கு என் அன்பு. பெரியம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதத்தில் பாதியை எனக்கும் பாதியைக் காருக்கும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
கிரீஸ் கையோடு,
நிரஞ்சன்

பி.கு.: எஞ்சின் பற்றி மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் பாஷா பாய் பெரிய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். காலி வண்டியை ஓரம் கட்டலாமென்று பின்னாலிருந்து தள்ளினோம். சத்தம் இல்லை, சூடு இல்லை, அசல் நாயனக்காரர் நடை! "இதே வேகந்தாண்டா!" என்று அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். ஆகவே எஞ்சினே வைக்கப் போவதில்லை. ஜானவாசக் கூட்டத்தில் யார் தள்ளுகிறார்கள் என்று யாருக்குத் தெரியப் போகிறது? ஸ்டியரிங்கில் நான். பின்னால் இடது பக்கம் அப்பா, வலது பக்கம் பாஷா பாய். நடுவில் மட்டும் ஓர் ஆள் குறைகிறது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்குப் பின்னாலேயே வந்தால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. பட்டு வேஷ்டி வேண்டாம் பெரியப்பா, பழைய வேஷ்டி ஒன்று எடுத்து வாருங்கள்.