கரடி குடை பிடித்த கவுன்

மரியாதைக்கும் பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள் எழுதுவது. இங்கே ஆட்கள் எல்லாரும் சுகம். ஒரு கவுன் மட்டும்தான் சரியில்லை. அங்கே உங்கள் சுகத்தையும், நீங்கள் கண்டக்டராகப் போகும் பேருந்தின் சுகத்தையும், நின்று நின்று வீங்கும் உங்கள் முழங்காலின் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் உங்களிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதம் திருப்பி என் முகத்தைப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் கவனித்தது அப்பாவின் கைகளைத்தான். போன மாதம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவர் பின்கட்டுப் பட்டறையிலிருந்து வந்து, குழாயடியில் நின்று, இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். நகக்கண்களைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். சாப்பாட்டுக்குக்கூட அவர் அப்படிக் கழுவியதில்லை, தலையிலும் புருவத்திலும் மரத்தூளோடுதான் உட்காருவார், அம்மா சத்தம் போடுவாள். ஆகவே எனக்கு உடனே புரிந்துவிட்டது, தபால்காரர் உடுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று.

உடுப்புப் புத்தகம் என்று நாங்கள் சொல்வது ஒரு கேட்லாக். பிள்ளைகளின் துணிமணிகளைத் தபாலில் விற்கும் ஒரு கம்பெனி வருஷத்துக்கு மூன்று தடவை அதை அனுப்புகிறது. பிறந்த குழந்தையில் தொடங்கிப் பதினாலு வயதில் முடியும். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, பலகையில் பிசிர் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் உள்ளங்கையால் தடவுவார். படத்தில் நிற்கும் பிள்ளைகளை எல்லாம் அவருக்குப் பழக்கம். "இந்தப் பல்லு விழுந்த பய போன தடவ ஸ்வெட்டர்ல வந்தான். இப்ப பாரு, பல்லு முளைச்சிடுச்சு" என்று சந்தோஷப்படுவார். பிறகு கீழே எழுதியிருப்பதைச் செய்தி வாசிப்பவர்போல வாசிப்பார். "ஓடியாட ஏற்றது. சருமத்துக்கு இதமானது. எளிதில் கசங்காதது." அம்மா நாள் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெள்ளை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள். "கசங்காதாமா? எழுதினவன ஒரு நாள் என்கூட அனுப்புங்க" என்பாள். அப்பா காதில் வாங்கமாட்டார். காதில் பென்சில் இருக்கும். அதை எடுத்துப் பிடித்த உடுப்புக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவார். மரத்தில் அறுக்க வேண்டிய இடத்தில் போடுவாரே, அதே குறி.

குறி போட்டால் போதாது, அளவு எழுத வேண்டும். அங்கேதான் எல்லாம் கோணலாகும். தங்கச்சி வாலுவை (ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் வால்தான்) கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, இரும்பு டேப்பால் அளந்து, வந்த கணக்கோடு இரண்டு அங்குலம் சேர்த்துத்தான் எழுதுவார். அம்மா கேட்டால் தொழில் ரகசியம் சொல்வார். "மரம்னா இழைக்க இழைக்கக் குறையும், அதனால கொஞ்சம் கூட விடணும். பிள்ளைன்னா நாளுக்கு நாள் கூடும், அதனாலயும் கூட விடணும். எப்படிப் பாத்தாலும் கூட விடறதுதான் தொழில்." இந்தத் தொழிலின் பலனாகப் போன மழைக்கு வந்த மழைக்கோட்டுக்குள் வாலு காணாமலே போனாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் படியேறி வந்து, "உங்க வீட்டு மழைக்கோட்டு ஒண்ணு தனியா நடந்து போகுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிதாக வந்ததை அப்பா திருப்பி அனுப்புவதும் இல்லை. அதற்கென்று ஓர் அலமாரி செய்து, தட்டுக்குத் தட்டு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று பென்சிலால் வயது எழுதி, அடுக்கி வைத்திருக்கிறார். வாலுவுக்கு ஒன்பது வயதுவரை துணிக்கவலை கிடையாது. இன்றைக்குப் போட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் கிடையாது.

இதுவரை எல்லாம் வாலுவின் பாடு. இப்போது என் பாட்டுக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைக்கார அம்மா ஒரு கண்ணாடிச் சட்டத்தையும் எள்ளளவு திருகாணியையும் கொடுத்து மாட்டச் சொன்னார். மாட்டினேன். பெயர் கேட்டார். சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. "கை நடுங்கல, பேச்சும் இல்ல. இப்படி ஒரு பொண்ணத்தான் ரெண்டு வருஷமா தேடறேன். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வா. பெரிய பொண்ணா, லட்சணமா உடுத்திட்டு வா" என்றார். அத்தை, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை ஒருவர் வா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னதும் அப்பா நேராகக் குழாயடிக்குப் போனார். பதினாறு வயதுக்காரியின் அளவு அந்தப் புத்தகத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அடங்காவிட்டால் விட்டுவிடுவாரா? நல்ல காகிதம் ஒன்றில், அடிக்கோல் வைத்து, என்னை முன்னாலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக வரைந்தார். உயரம், அகலம், தோள், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டார். கீழே பட்டறை முத்திரையையும் குத்தி அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. "தாங்கள் அனுப்பிய வரைபடம் கிடைத்தது. நாங்கள் மரச்சாமான்கள் விற்பதில்லை. ஆயினும் தங்கள் வசதிக்காக அதை எங்கள் சகோதர நிறுவனத்துக்கு அனுப்பியுள்ளோம்." மூன்றாம் நாள் சகோதர நிறுவனமும் எழுதியது. நடுவில் சற்று ஒடுங்கியிருக்கும் இந்த அலமாரிக்கு ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா என்று கேட்டிருந்தார்கள். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நான் இரண்டு நாள் கண்ணாடி பார்க்கவில்லை.

அப்பா உடுப்புக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையானவள், அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"அது அலமாரி இல்லம்மா. என் மூத்த பொண்ணு."

"ஐயோ, மன்னிச்சிடுங்க சார். ஆனா பதினாலுக்கு மேல எங்ககிட்ட வர்றதில்லையே. பதினாலுலயே கொஞ்சம் தாராளமா தச்சது ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?"

"அனுப்பும்மா. வேலைக்குப் போட்டுட்டுப் போகணும்."

"சின்னப் பிள்ளை எதுக்கு சார் வேலைக்குப் போகுது?"

அவள் "சார், சார்" என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு அப்பா முகவரியைச் சொல்லிவிட்டு வைத்தார்.

இன்று வியாழக்கிழமை. காலையில் பார்சல் வந்தது. கருநீலக் கவுன், வெள்ளைக் கழுத்துப்பட்டை. அதுவரைக்கும் மோசமில்லை. நெஞ்சுக்கு நேரே ஒரு கரடி நிற்கிறது. மஞ்சள் குடை பிடித்திருக்கிறது. குடை தனித்துணியில் வெட்டி மேலே தைத்தது. அப்பா அதை விரலால் தூக்கி, "உள்ள பாரு, மழை பெய்யுது" என்று காட்டினார். உள்ளே நிஜமாகவே நீல நூலில் தூறல் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அளவு கச்சிதமாக இருந்தது. அதுதான் வினை. பெரிதாக இருந்திருந்தால் தட்டில் வைத்துவிடலாம், சிறிதாக இருந்திருந்தால் வாலுவுக்கு ஆகும் என்று சொல்லலாம். அப்பா இரண்டடி பின்னால் போய், கதவு மாட்டிய பிறகு சாய்வு பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "முட்டிக்குக் கீழ வருது. பெரிய பொண்ணுக்கு இதான் லட்சணம்" என்றார். கரடியும் நானும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது அத்தை? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். வாலு மட்டும், "அக்கா, கடையில யாராவது அழுதா கரடியக் காட்டு" என்று யோசனை சொன்னாள்.

இந்தக் கோலத்தில் திங்கட்கிழமை போய் நின்றால் கடைக்கார அம்மா என்னையும் வாலு வயதுக்காரி என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த வேலை எனக்கு வேண்டும். என்னால் பேசாமல் செய்யக்கூடிய வேலை இந்த ஊரிலேயே அது ஒன்றுதான். அப்பா உலகத்தில் பயப்படுவது உங்கள் குட்டுக்கு மட்டும்தான். ஆகவே தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். தற்செயலாகக் கவுனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ஏண்டா தம்பி, பொண்ணு வளர்ந்தது உன் கண்ணுக்குத் தெரியலையா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். குட்ட வேண்டாம், சொன்னால் போதும். கூடவே, உங்களுடைய பழைய சட்டையும் பாவாடையும் ஒரு ஜோடி கொண்டுவாருங்கள், பிடித்துத் தைத்துக்கொள்கிறேன். இனி அந்தப் புத்தகமே இந்த வீட்டுக்கு வராதபடி கம்பெனிக்கும் நீங்களே ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள். உங்கள் குரலுக்கு அவர்கள் கட்டாயம் நிறுத்துவார்கள்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் உங்கள் சொல்பேச்சுக் கேட்கட்டும். உங்கள் பேருந்தில் ஏறுகிற எல்லாரும் சரியான சில்லறையோடு ஏறட்டும். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வாலு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் பல்தடம் அவளுடையது.

என்றும் உங்கள் வார்த்தைக்கு அடங்கிய,
தம்பி மகள்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை சாயங்காலம். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். வியாழக்கிழமையே உறை ஒட்டப் பசை எடுக்கப் பட்டறைப் பக்கம் போனேன். உள்ளே அம்மா, "அவளுக்குப் பதினாறு ஆச்சுங்க. இன்னும் கரடி போட்டு வாங்கறீங்களே, தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியாம என்ன. நீ வேலைக்குப் போகணும்னதும் பதினாலு வயசுல பள்ளிக்கூடப் பையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, மூணு வயசு வாலுவத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கப்புறம் அவ சின்னப் பிள்ளையா இருக்கவே இல்ல. உடுப்புலயாவது இருந்துட்டுப் போகட்டுமேன்னு பாத்தேன்." இழைப்புளியை மரத்தில் நாலு இழுப்பு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்லா இல்லன்னா அவ சொல்லியிருப்பா" என்றார்.

நான் பசை எடுக்காமல் திரும்பிவிட்டேன். இன்று காலை அப்பா பட்டறைக்குள் இருக்கும்போதே அந்தக் கவுனையே போட்டுக்கொண்டு, புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி போனேன். கடைக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து முட்டி வரை பொத்தான் வைத்த ஒரு வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்து, "இத மாட்டிக்க. இங்க எல்லாரும் இதான். உள்ள கோணியக் கட்டிட்டு வந்தாலும் யாருக்கும் தெரியாது" என்றார். நாலு நாள் தூக்கம் வீணாய்ப் போனது அத்தை. கரடியை மூடி, எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, கண்ணாடித் தட்டுகளைத் துடைக்க உட்கார்ந்தேன்.

பதினோரு மணி இருக்கும், கடையில் ஏழெட்டுப் பேர். தலை நிமிர்ந்தால் வாசலுக்கு வெளியே அப்பா. கண்ணாடி வாங்க வந்தவர்போல ஷோகேஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பிறகு என் பக்கம் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், கழுத்து வரைக்கும் பார்த்தார். கவுனுக்குப் பதிலாக அதை அம்மாதான் எங்கேயோ வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் எழுந்து வாசல்வரை போய், அத்தனை பேருக்கும் நடுவில் "அப்பா" என்று கூப்பிட்டு, கோட்டின் மேல் பொத்தான்கள் நாலையும் கழற்றினேன்.