மில் வீட்டுச் சுவரின் ஓட்டை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இங்கே உங்கள் தங்கை நலம். கொஞ்சம் கூடுதலாகவே நலம். காலை ஏழு மணிக்கே நல்ல துணி உடுத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அப்பா ஓட்டிய பழைய மாவு மில்லையும், அதை ஒட்டிய ஐந்து வீடுகளையும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்கள் பிறந்ததே அதில் கடைசி வீட்டில், இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில். அத்தனையையும் இடித்துவிட்டுச் சாலையை நேராக்கலாமா, இல்லை பழைய கட்டடம் என்று விட்டுவைக்கலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு ஆராய்ச்சியாளரை அனுப்பியிருக்கிறார்கள். இடுப்பில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் நான் அவருக்கு நாடாக்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன். வயது ஐம்பது இருக்கும். தலைமுடி முழுதாக இருக்கிறது. நாலு நாள் வேலை என்று வந்தவருக்கு இன்று பதினேழாவது நாள்.

வந்த அன்று ஒரு கேள்வி கேட்டார், மச்சான். "இந்த வாசப்படி ஏன் வட்டமா இருக்கு?" வாசலில் நின்றிருந்தவன் நான். கேட்டதும் என்னைத்தான். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் உள்ளேயிருந்து உங்கள் தங்கை, "அது தேஞ்சுபோன அரவைக்கல்லு சார். மில்லுல கழிச்ச கல்லத்தான் அஞ்சு வீட்டுக்கும் படியா போட்டாங்க" என்றாள். அவ்வளவுதான், அவர் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "உள்ள வரலாமா மேடம்?" என்றார். மேடம்! இந்தத் தெருவில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, அதனால்தான் அன்றைக்கு டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். என் டீயில் மட்டும்.

அன்று ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. மில் பக்கத்துச் சுவரில் ஏன் ஜன்னலே இல்லை என்று அவர் கேட்பார், மாவுத்தூசி வீட்டுக்குள் வராமல் இருக்கத்தான் என்று இவள் சொல்வாள். ஒரு சக்கரத்துக்கு இரும்புப் பல், அதோடு சேரும் சக்கரத்துக்கு மரப்பல், அது ஏன் என்பார், இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும், மாவு பறக்கிற இடத்தில் ஒரு பொறி போதும் சார், மில்லே எரிந்துபோகும் என்பாள். மேலே தானியம் கொட்டுகிற பெட்டி காலியானால் தானாக அடிக்கிற மணி ஒன்று இருந்ததாம், இல்லாவிட்டால் கல்லும் கல்லும் ஒன்றையொன்று அரைத்துத் தீர்த்துவிடுமாம். இதெல்லாம் தற்செயலாக என் காதில் விழுந்தவை. முப்பத்தொரு வருஷமாக நான் இந்த வீட்டில் இருக்கிறேன். இதில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நீங்கள் கேட்டீர்களா என்பீர்கள். கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

நானும் வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன்தான். நானும் அளவு எடுத்தவன்தான். ஒரு வீட்டில் உட்காருங்கள் என்று சொன்னார்களா? இவருக்கு ஐந்து வீட்டிலும் நாற்காலி போடுகிறார்கள். எங்கள் வீட்டில் போட்டது என் நாற்காலி.

ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நாடாக்காரர் மேல்சுவரைக் காட்டி, "இந்த ஓட்டை எதுக்கு?" என்றார். உங்கள் தங்கை அடுப்படியில் இருந்தாள். இதுதான் சமயம் என்று புகுந்துவிட்டேன்.

"அது கயித்து ஓட்டை" என்றேன்.

"என்ன கயிறு?"

"மில்லுலேர்ந்து வர்ற கயிறு. மாமனார் அங்க இழுத்தா இங்க மணி அடிக்கும். ஒரு தடவை இழுத்தா சாப்பாடு, ரெண்டு தடவை இழுத்தா டீ."

"மூணு தடவை இழுத்தா?"

"மாமியார் கோவம் தணிஞ்சுதான்னு கேக்குறது."

அந்த ஓட்டையைப் போட்டது நான், மச்சான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், டிவி ஒயருக்கு.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னை என் நாற்காலியிலேயே உட்காரவைத்து மூன்று பக்கம் எழுதிக்கொண்டார். அந்த அரைமணி நேரம் நான் இருந்த இருப்பை வார்த்தையில் சொல்ல முடியாது. பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "அப்படின்னா மில் சுவத்துல கயிறு உரசின தடம் இருக்கணுமே. நாளைக்குப் பாத்துடலாம்" என்றார்.

மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்னால் ஏணியையும் ஒரு அரத்தையும் எடுத்துக்கொண்டு தடம் உண்டாக்கப் போனேன். இரண்டு இழுப்புத்தான் இழுத்திருப்பேன், ஏணி சறுக்கி, அந்தக் காலத்தில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றிய கால்வாய்க்குள் விழுந்தேன். தண்ணீர் இல்லை, சருகு இருந்தது, அதனால் பிழைத்தேன். தூக்கிவிட யார் வந்தது? அவர்தான். தூக்குவதற்கு முன்னால், "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று சொல்லி நாடாவை இறக்கி என் தோளோடு கால்வாயின் ஆழத்தை அளந்துகொண்டார். உங்கள் தங்கை பதறிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவள், "ஐயோ சார், உங்க சட்டையெல்லாம் அழுக்காயிடுச்சே!" என்றாள்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. வருகிற சனிக்கிழமை அவருடைய அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்களாம். முதலில் கயிற்று ஓட்டையைத்தான் பார்ப்பார்கள் என்று நாடாக்காரர் என்னிடமே சொன்னார். அது பொய் என்று தெரிந்தால் உங்கள் தங்கை சொன்ன உண்மையையும் யார் நம்புவார்கள்? ஐந்து குடும்பமும் தெருவில் நிற்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நம்ம வீடு தப்பிச்சா அது உங்க வீட்டம்மா புண்ணியம்" என்கிறார். வீடு போய்விடுமே என்ற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவர் என் பேரைச் சொல்லவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து, சின்ன வயதில் அந்தக் கயிற்றைக் கண்ணால் பார்த்ததாக உடனே நாலு வரி எழுதி அனுப்பவும். மணி பித்தளை என்று சேர்த்தால் நன்றாக இருக்கும். தங்கைக்கு இது தெரிய வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, நாடாக்காரருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அண்ணா, இது நான். உன் விலாசம் எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று உறையை என்னிடம் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். நீ ஒன்றும் எழுத வேண்டாம். ஓட்டைக்குள் நீலப் பிளாஸ்டிக் குழாய் இருப்பதை சார் அன்றைக்கே பார்த்துவிட்டார். மூன்று பக்கமும் தன் மனைவிக்குப் படித்துக் காட்ட எழுதிக்கொண்டாராம். அறிக்கை போன வாரமே போய்விட்டது, அதில் கயிறு கிடையாது. வீடுகளை இடிக்கவில்லை என்று நேற்று என்னிடம் மட்டும் சொன்னார். சனிக்கிழமை வருகிறவர்கள் அதை எல்லோருக்கும் சொல்லத்தான் வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் நாலாம் நாளே நான் சொல்லி முடித்துவிட்டேன். அதற்கப்புறம் சொன்னதையே திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாருக்கும் தெரியும். மில்லை வரைந்து முடிக்கிற வரை இங்கேதான் இருக்க வேண்டும் என்பதால், பாவம், டீயைக் குடித்துக்கொண்டு தலையாட்டுகிறார். நான் வாயைத் திறந்தால் போதும், உன் மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் வந்து நிற்கிறார் அண்ணா. நான் பேசி அவர் முழுசாக நின்று கேட்பது முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இதை அவருக்கு எழுதிவிடாதே. தெரிந்தால் நகர்ந்துவிடுவார்.