இரண்டு வீட்டுச் சடங்கும் ஒரு மணவறையும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
12-3-1989

பாகான் டாலாமில் குடும்பத்தோடு சுகமாய் வாழும் மதிப்புக்குரிய மைத்துனர் கார்த்திகேசு அவர்களுக்கு ஏரம்பமூர்த்தி வணக்கத்தோடு எழுதுவது. இங்கே தங்கள் தங்கை யோகம்மாவும் நானும் நலம். என் மூட்டுவலியும் நலம்.

"யாழ்ப்பாண வழக்கத்தையும் மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தையும் போட்டு ரோஜாக் சாலட் மாதிரி கலக்குனா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்லா" என்று தாங்கள் போனில் சொன்னதிலிருந்து யோகம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தாய்மாமன் இல்லாமல் எங்கள் பத்மாவதி எப்படி மணவறை ஏறுவாள்? போன ஞாயிறு சம்பந்தி பழனியப்பன் வீட்டில் ஒத்திகை வைத்தோம், அவர்கள் முதலில் மாலை மாற்ற வைத்தார்கள், உடனே நான் நம் முறைப்படி கூறை உடுத்தி வரச் சொன்னேன், மாலையோடு சேலை மாற்ற முடியாமல் பெண் அதைக் கழற்றினாள், கழற்றிய மாலை அபசகுனம் என்று சம்பந்தியம்மா ருக்குமணி அழுதார், புது மாலை போட்டால் கல்யாணம் இரண்டு தடவை ஆகிவிடுமே என்று நான் வாயை வைக்க, பழனியப்பன், "அண்ணே, உங்க ஐயரே முழுசா நடத்தட்டும், நாங்க விருந்தாளியா வந்து சாப்டுட்டுப் போறோம்" என்றார். எனக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் பத்மா எழுந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்வது மோனாட் என்னும் கணக்கு. எனக்குப் புரிந்தவரை, அதில் சும்மா இருப்பதும் ஒரு செய்கை. அடுத்தடுத்த இரண்டு செய்கைகளைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாம். இரண்டு மோனாட்டுகளை ஒன்றாக்கப் பங்கீட்டு விதி வேண்டும், அதாவது அவர்கள் வீட்டுச் சடங்கு முன்னே நின்றால் நம்முடையதை அதைத் தாண்டி முன்னுக்குக் கொண்டுவரும் விதி. ஒரு பக்கம் சடங்கே இல்லையென்றால் மறுபக்கம் மாறக்கூடாது. ஒவ்வொன்றாகத் தாண்டினாலும் மொத்தமாகத் தாண்டினாலும் முடிவு ஒன்றாக வரவேண்டும். இந்த இரண்டும் இரு வீட்டுக்கும் தனித்தனியே பொருந்தவேண்டும், ஆக நிபந்தனை நாலு. "முதல்ல கூறை, அப்புறம் மாலை. மிச்சத்தையும் இப்படியே நகர்த்திப் பார்த்துட்டேன்ப்பா, நாலு நிபந்தனையும் ஓகே" என்றாள். ருக்குமணி கண்ணைத் துடைத்தார், பழனியப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான், நாம ஜெயிச்சிட்டோம். ஒரு சடங்கும் விட்டுப்போகல, எதுவும் ரெண்டு தடவ வரல. இனி வரமாட்டேன்னு சொல்ல உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல.

தண்ணீர்மலை முருகன் தங்கள் வீட்டில் எல்லோரையும் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஏரம்பமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பத்மா இதை வாங்கிப் படித்தாள். கணக்கெல்லாம் சரிதானாம். ஆனால் ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்பே அவளும் மாப்பிள்ளையும் பட்டர்வொர்த்தில் பதிவுத் திருமணம் முடித்துவிட்டார்களாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தாங்களாம். "சடங்கே இல்லன்னா கலப்படமும் இல்லையே" என்று சொல்லித்தான் பேனாவை வாங்கினீர்களாம்.