ப்ளீஸ்டுக்கு மேலே ஐந்து படி

சேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் சூசைநாதன் அவர்களுக்கு, தங்கை புருஷன் ராஜாங்கம் தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் மனசைத் தவிர. போனில் பேசினால் உங்கள் தங்கை வேளாங்கண்ணி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம்ம பையன் ரெக்ஸுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த மூலக்குளத்துச் சம்பந்தம் ஆட்டம் கண்டிருக்கிறது. ரிட்டயரான பிறகு சும்மா உட்கார்ந்து உயிரை வாங்குகிறேன் என்று உங்கள் தங்கை என்னை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்த்துவிட்டாள் அல்லவா? அங்கே சுமலதா டீச்சர் போன வாரம் போர்டில் ஏணி வரைந்து சந்தோஷத்தைக் கீழிருந்து மேலே அடுக்கினார். அடியில் சாட்டிஸ்ஃபைடு, அதற்கு மேல் ப்ளீஸ்டு, அப்புறம் கிளாட், ஹேப்பி, டிலைட்டட், ஓவர்ஜாய்டு, உச்சியில் எக்ஸ்டேடிக். இத்தனை காலம் எல்லாவற்றுக்கும் சந்தோஷம் என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பெண்ணின் அப்பா பிரான்சுவாவிடமிருந்து வாட்ஸப், அதுவும் இங்கிலீஷில்: பெண் கொடுப்பதில் நாங்கள் ப்ளீஸ்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது மச்சான். எம்.காம். படித்த பையன், பூசை தவறாதவன், அவனுக்கு இரண்டாம் படியா?

"அவரு சந்தோசம்னுதானங்க சொல்லியிருக்காரு" என்றாள் உங்கள் தங்கை.

"எத்தினாவது படின்னு பாருடி!"

"படியாவது ஆழாக்காவது! பெரிய மார்க்கெட்டுக்குப் போயி காய் வாங்கியாங்க."

நான் விடவில்லை. ஒரு படி கீழே இறங்கி, நாங்களும் சாட்டிஸ்ஃபைடு என்று பதில் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் மூலக்குளத்திலிருந்து மூச்சே இல்லை. ரோஷத்தில் பங்குச் சாமியாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்க வேண்டிய முதல் கல்யாண அறிவிப்பு ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். "சந்தோசம் பத்தல சாமி" என்றேன். "யாருக்கு?" என்றார்.

ரெக்ஸுக்கு இது எதுவும் தெரியாது. பெண் மெரின் பேரைச் சொன்னாலே காலரைச் சரிசெய்துகொள்கிற பையன், தெரிந்தால் உடைந்துபோவான். எனக்கும் அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். நீங்கள் உடனே மூலக்குளம் போய், அவருக்கு என்ன குறை என்று பக்குவமாகக் கேளுங்கள். நிர்மலா அக்காவுக்கு என் தோத்திரம். மாதா உங்கள் குடும்பத்தைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத ராஜாங்கம்

பி.கு.: மூலக்குளம் போகவே போகாதீர்கள்! கவர் ஒட்டும்போது பிரான்சுவாவே வாசலில் நிற்கிறார், கையில் இவ்வளவு பெரிய கொடுவா மீன். "சம்பந்தி, உங்க பதில புள்ள படிச்சிக் காட்டுச்சி. ஆனந்தத்துல குதிக்கிறீங்களாமே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். எந்தப் பிள்ளை? நம்ம ரெக்ஸ்தான், ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். பிரான்சுவாவுக்குத் தமிழும் பிரெஞ்சும்தான் வரும். நான் இங்கிலீஷ் படிப்பதைக் கேள்விப்பட்டு, மரியாதைக்கு இங்கிலீஷிலேயே எழுதட்டும் என்று போனை அவனிடம் கொடுத்தாராம். "ரெண்டு நாளா சோறு எறங்கல, அவ்ளோ சந்தோசம்னு போடு தம்பி" என்றாராம். தன் கல்யாணத்துக்குத் தானே அவ்வளவு எழுத வெட்கப்பட்டுப் பயல் ப்ளீஸ்டு என்று போட்டிருக்கிறான். என் பதிலை மட்டும் தாராளமாக வாசித்திருக்கிறான்.

நான் சாமியாரிடம் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓலை உண்டு, அக்காவோடு வந்துவிடுங்கள். அடுப்பில் கொடுவாக் குழம்பு கொதிக்கிறது மச்சான், ஆனால் எனக்கும் சோறு இறங்காது போலிருக்கிறது.