ஜனாதிபதியின் கதவருகே நிற்பவனுக்கு ஒரு வசனம்

பெருமதிப்புக்குரிய தொடர்க் கதாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் மனதார விரும்புகிறோம். ஜனாதிபதி அவர்களின் நெஞ்சுவலியும் இதற்குள் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். அதைக் கொடுத்தவர் தாங்களே என்பதால் எடுப்பதும் தங்கள் கையில்தான் இருக்கிறது. இங்கே எனக்கு மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை. அதற்குத் தங்களைப் பொறுப்பாக்க மாட்டேன்.

நான் யாரென்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகனையாவது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதுவும் சந்தேகம்தான். தங்கள் தொடரில் ஜனாதிபதியின் அறைக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறானே, சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, அவன்தான். இன்னும் பிடிபடவில்லையென்றால், போன வாரம் பத்திரிகைச் செயலாளர் அம்மையார் கோபத்தில் வெளியே பாய்ந்தபோது கதவோடு சேர்த்து ஒரு ஆளையும் இடித்துத் தள்ளிவிட்டுப் போனாரே, அந்த ஆள்.

வீட்டில் அவனுக்கு வாயாடி என்று பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் வாய் ஓய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட யாருக்கோ பதில் சொல்வான். பள்ளிக்கூடத்தில் அவனைப் பற்றி வந்த புகாரெல்லாம் இந்த ஒன்றுதான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நடிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றதும் நாங்கள் ஜனாதிபதி வேஷம்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தோம். கதவு என்றான். கதவைத் திறந்துவிட்டு என்ன பேசுவாய் என்று அவன் அம்மா கேட்டாள். "பேச மாட்டேன்மா, நிப்பேன்" என்றான். 

சரி, ஆரம்பத்தில் நிற்கட்டும், போகப் போகப் பேசுவான் என்று இருந்தோம். நிற்கிறான் நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். அதுவும் எப்படி? கதவு இடப்பக்கம் திறப்பதால் அவன் முதுகு மட்டும் படத்தில் விழுகிறது. நல்ல காலம் இருந்தால் ஒரு காது. இரண்டு ஜனாதிபதித் தேர்தல் முடிந்துவிட்டது, ஒரு போர் வந்து போய்விட்டது, தலைமைச் செயலாளர் குடியை விட்டார், மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார், உரை எழுதுகிற இளைஞருக்கு இரண்டு காதல் முறிந்தது. என் மகனுக்கு மட்டும் இன்னும் முகம் வரவில்லை. தொடர் ஆரம்பித்ததும் என் மனைவி தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "அதோ முழங்கை! நம்ம பிள்ளை முழங்கை!" என்று கத்துவாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் முழங்கை போய் முதல் பெண்மணி வந்துவிடுவார்.

தங்கள் தொடரைக் குறை சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. எங்கள் மாடியில் அத்தனை வீட்டிலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஜனாதிபதிக்கு நெஞ்சுவலி வந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. "அவரைத் தாங்கிப் பிடிக்க அத்தனை பேர் இருக்காங்க. காலையிலேர்ந்து கால் கடுக்க நிக்கிறானே என் புள்ள, அவனை ஒருத்தர் உட்காருன்னு சொன்னாங்களா?" என்று என் மனைவிதான் கேட்டாள். நியாயமான கேள்விதானே? நாட்டிலுள்ள ஏழைகளுக்காகக் கண்ணீர் விடுகிற மனிதர், தனக்குத் தினம் கதவு திறந்துவிடுகிறவனைப் பார்த்து ஒரு நாள் நன்றி சொன்னதில்லை. இதனால் எங்கள் வீட்டில் அவர் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. தேர்தலில் ஜெயித்தபோது கை தட்டினோம், ஆனால் முழு மனதோடு தட்டவில்லை.

இதற்கிடையில் அக்கம்பக்கத்துத் தொல்லை வேறு. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒரு மனுவை எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார். "உங்க பையனைச் சும்மா ஜனாதிபதி காதுல போட்டு வைக்கச் சொல்லுங்க, பக்கத்துலதானே நிக்கிறாரு" என்கிறார். ஐயா, அது நாடகம், அந்த ஜனாதிபதி சாயங்காலம் கோட்டைக் கழற்றிவிட்டுப் பேருந்தில் வீட்டுக்குப் போகிறவர் என்றேன். "எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பழக்கம்னு ஒண்ணு இருக்கும்ல" என்று மனுவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். வாயாடிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற ஒரு பெண்ணுக்கும் மனம் ஒத்துப்போய்விட்டது. தங்கமான பெண். இவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான்கு பேருக்குக் கண் பார்த்துவிடுவாள். ஆனால் அவளுடைய அப்பா இருக்கிறாரே, விபத்தில் நசுங்கின வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதக்கணக்கு சொல்கிறவர். எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளமே. மாப்பிள்ளை நடிகர் என்றதும், எதில், எந்த வேஷம், பார்க்க வேண்டுமே என்றார். தொடர் வருகிற நாளாகப் பார்த்து வீட்டுக்கு வரச் சொன்னோம்.

அதற்கு முன்னால்தான் நாங்கள் ஒரு தப்புக் காரியம் செய்தோம். வசனம் இல்லாவிட்டால் போகிறது, ஒரு இருமலாவது இருமிவிடு, குரல் கேட்டாலே போதும் என்று மகனுக்கு என் மனைவி சொல்லிக்கொடுத்தாள். நானும் தடுக்கவில்லை. எத்தனையோ வருஷம் ஊர் முழுக்க என் குரலைக் கேட்டிருக்கிறது, என் பிள்ளையின் குரலை ஒரு வீடாவது கேட்கட்டுமே என்ற ஆசை. பையனும் அருமையாக இருமியிருக்கிறான். படப்பிடிப்பு முடிந்து வந்து செய்தே காட்டினான்.

பெண்ணின் அப்பா வந்தார். நடுநாற்காலியில் உட்கார்ந்தார். தொடர் ஓடியது. ஜனாதிபதி அறை வந்தது, கதவு திறந்தது, முழங்கை தெரிந்தது, இருமலும் கேட்டது. ஆனால் இருமியது யார்? சட்ட ஆலோசகர்! என் மகனுடைய இருமலை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்ள, ஜனாதிபதி அவரைப் பார்த்து "உடம்பைக் கவனியுங்கள்" என்று வேறு சொல்கிறார். என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "அது எம்புள்ள இருமல்! பொறந்ததிலேர்ந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றாள். பெண்ணின் அப்பா அசையவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அடிபட்ட வண்டியின் பம்பரைப் பார்க்கிற மாதிரி முழங்கையைப் பார்த்தார்.

"இது யாரோட முழங்கையா வேணும்னாலும் இருக்கலாமே" என்றார்.

"சம்பந்தி, பெத்தவ சொல்றேன்" என்றாள் என் மனைவி.

"இன்னும் சம்பந்தி ஆகலம்மா. திரையில ஒரே ஒரு வார்த்தை பேசட்டும், முகத்தைப் பாத்துட்டு நானே தேதி சொல்றேன். அதுவரைக்கும் என்னால ஒண்ணும் எழுதித்தர முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு வாயாடி வீட்டில்தான் இருந்தான். அவ்வளவு பேச்சு பேசுகிறவன், ஒரு வார்த்தை சொல்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். என் பிள்ளை கதவைச் சாத்துவதை நான் அன்றுதான் பார்த்தேன். மனசு பதறிவிட்டது ஐயா.

ஆகவே தங்களிடம் நான் கேட்பதெல்லாம் ஒரே ஒரு வசனம். ஜனாதிபதிக்கு அறிவுரை சொல்கிற வசனம் கேட்கவில்லை. "வரச் சொல்லட்டுமா, ஐயா?" அவ்வளவுதான். இது கதைக்கும் நல்லது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் நிலையத்தில் ஒரு ஓட்டை வண்டிகூட அறிவிப்பில்லாமல் வந்து நின்றதில்லை. தங்கள் மாளிகையிலோ தலைமைச் செயலாளர், படைத்தளபதி, வெளிநாட்டுத் தூதர் எல்லாரும் சந்தைக்குள் நுழைவதுபோல் திமுதிமுவென்று நுழைகிறார்கள். வாசலில் ஒரு ஆள் சும்மாதானே நிற்கிறான், அவனை ஒரு வார்த்தை சொல்ல விடக் கூடாதா? அதைக் கேட்டு ஜனாதிபதி ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் போதும், படக்கருவியும் கூடவே திரும்பும், முகம் விழும், எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்கும்.

தாங்கள் நீண்ட ஆயுளோடு, ஏராளமான ஜனாதிபதிகளை எழுதிக் குவிக்க வேண்டும். தலைமைச் செயலாளர் இந்த முறையாவது குடியை விட்டது விட்டதாகவே இருக்கட்டும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
கதவருகே நிற்பவனின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். அவசரத்தில் கிறுக்கும் எழுத்தைப் பொறுத்தருள வேண்டும். இப்போதுதான் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அப்பா! வசனம் வந்திருச்சுப்பா! பக்கம் பக்கமா! ஜனாதிபதி மடியில தலை வச்சுப் பேசறேன், அவரு அழறாரு, நன்றின்னு சொல்றாரு!" என்று குதிக்கிறான். மடியில் எதற்குடா என்று கேட்டேன். "அவரைச் சுட வர்ற குண்டை நான் வாங்கிக்கறேன்ப்பா. மூணு பக்கத்துக்குச் சாகறேன்!" என்கிறான். இத்தனை வருஷத்தில் அவன் குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.  அவன் அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, "நீ ஒண்ணும் சாக வேணாம். வாயை மூடிக்கிட்டு எப்பவும் போலக் கதவைத் திற" என்று சொல்லி வைத்துவிட்டுத் தொலைக்காட்சியின் இணைப்பையே பிடுங்கிப் போட்டுவிட்டாள். பெண்ணின் அப்பாவுக்கும் செய்தி போய்விட்டது. "வசனம் வந்தது சரி, ஆனா வண்டி முழுச் சேதம்னா அப்புறம் வேலை எங்கே?" என்று கேட்டாராம். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது எனக்கும் சரியென்று படுகிறது.

ஐயா, மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனமும் வேண்டாம், நன்றியும் வேண்டாம், இருமலைச் சட்ட ஆலோசகரே வைத்துக்கொள்ளட்டும். நடிப்புதான், எனக்குத் தெரியும். தெரிந்தாலும் பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிற காட்சியா அது? கட்டாயம் சுட்டே ஆக வேண்டுமென்றால் தோளில் சுடுங்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடக்கட்டும். கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பவனை முதுகுப் பக்கமாகப் படமெடுக்க எவராலும் முடியாது. பிழைத்துக் கண்ணை மட்டும் திறக்கட்டும் ஐயா, எங்களுக்கு அது போதும்.